மின்னுது கண்ணு

இந்த அறையில் வெளிச்சம் போதவில்லை, தமிழ்ச்செல்வி. புதிதாக மகளிர் காவல் நிலையம் கட்டியவர்கள் வடக்குப் பக்கம் ஒரு ஜன்னல் வைத்திருக்கலாம். வடக்கு ஜன்னல் இருந்தால் நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம் வரும், கண் களைக்காது. குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. ஆயுசு முழுக்க டிராயிங் டீச்சராக இருந்தவள், எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் ஜன்னலைத்தான் தேடுவேன்.

உன்னைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். மஞ்சக்குப்பம் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு. காகம் வரையச் சொன்னால் கோழி வரைவாய், அதற்கும் அலகைக் கிளி மாதிரி வளைத்து வைப்பாய். இன்றைக்கு நீ இன்ஸ்பெக்டர். நான் உன்னை ஒருமையில் பேசுவது சரியில்லை என்றால் சொல், மாற்றிக்கொள்கிறேன். வேண்டாம் என்கிறாய். சரி, நல்ல பிள்ளை.

தண்ணீர் தம்ளரைத் தட்டிவிட்டதற்கு மன்னிக்கவும். ஓரத்தில் வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் நிற்பதே அவள் இருமிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

முதலில் இந்த டப்பாக்களைப் பற்றிக் கேட்டாய். நல்ல கேள்வி, அங்கிருந்தே தொடங்கலாம். என் மகளின் சிநேகிதி பிரிசில்லா உன்னிடம் இரண்டு டப்பா கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். ஒன்று நாங்கள் விற்பனைக்கு வைத்திருந்தது. நீல மூடி போட்டது என் மகள் அருள்மொழியுடையது. இரண்டிலும் இருப்பது மின்னும் வாட்டர்கலர். இரண்டையும் செய்தவள் நான்தான்.

இதில் மின்னுவது காக்காப்பொன். சின்ன வயதில் மணலில் பொறுக்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாயே, அதுதான். அதைத் தூளாக்கி, ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிசாக ஒரு பூச்சு ஏற்றி விற்கிறார்கள். பூச்சின் கனத்தைப் பொறுத்து ஒன்று பச்சையாக மின்னும், ஒன்று ஊதாவாக. அந்தத் தூளைக் கண்ணாடிப் பலகையில் கொட்டி, வேலம்பிசின் கரைசலும் கொஞ்சம் தேனும் விட்டு, அடி தட்டையான கண்ணாடிக் குழவியால் குழைக்க வேண்டும். மற்ற நிறங்களை அழுத்தி அரைக்கலாம். இதை அழுத்தினால் துகள் உடைந்து மினுமினுப்பு போய்விடும். தூங்குகிற குழந்தைக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி தடவ வேண்டும்.

மற்ற நிறங்களெல்லாம் தாளிலேயே கிடக்கும். சிவப்பை வைத்தால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சிவப்பு. இது அப்படியில்லை. வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வர வேண்டும், தாள் கொஞ்சம் சாய வேண்டும், பார்க்கிறவள் தலையை அசைக்க வேண்டும். வெள்ளைத் தாளில் வைத்து நேருக்கு நேர் பார்த்தால் கழுநீர் மாதிரிதான் இருக்கும். அதையே கறுப்புத் தாளில் வைத்துச் சாய்த்தால் பளீரென்று எழுந்து வரும். ஃபோட்டோ எடுத்தால் பிடிபடாது. அதனால்தான் அருள்மொழி எப்போதும் தாளை ஆட்டி ஆட்டி வீடியோ எடுப்பாள். மினுமினுப்பு பெயிண்டிலும் இல்லை, தாளிலும் இல்லை, பார்க்கிற கண்ணுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் இருக்கிறது. இதை நான் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். யாருக்கும் புரிந்ததில்லை. என் மகளுக்குப் புரிந்தது.

அவளுக்குக் கை என்னுடையது, கண் அவளுடையது. சிதம்பரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டு மீன் வரைவாள். பரங்கிப்பேட்டை மார்க்கெட்டுக்கு விடிகாலையில் பஸ் பிடித்துப் போய் வாளையும் கானாங்கெளுத்தியும் வாங்கி வருவாள். குழம்பு வைக்க விடமாட்டாள். தட்டில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், மீன் கெட்டு வாடை வரும்வரை பார்ப்பாள். அடியில் கறுப்பு, அது காய்ந்த பிறகு வெள்ளி, கடைசியில் ஒரே ஒரு இழுப்பு பச்சை மினுமினுப்பு. கிண்ணத்தில் தூள் அடியில் தங்கிவிடும், அதனால் ஒவ்வொரு தடவையும் கலக்கித்தான் தொடுவாள். இரண்டாவது இழுப்பு இழுக்கவே மாட்டாள். தாளைச் சாய்த்தால் வாளை நெளியும். அப்படி ஒரு பிள்ளை.

இனி அவள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சக்கரபாணி என் அம்மாவின் கடைசித் தம்பி. எனக்குத் தாய்மாமன், அவரையே கட்டிவைத்தார்கள். கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே பொழுது சாய்ந்தால் அவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. வெளியே சொல்லவில்லை. சைக்கிளில் போவதை விட்டார், கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டார், கேட்டால் உடம்பு அசதி என்பார். பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, சொந்தத்தில் கல்யாணமா என்று டாக்டர் கேட்டார். இது ரத்தத்தில் வருகிற வியாதி, மருந்து கிடையாது, குழந்தைக்கு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார். அருள்மொழி அப்போது என் மடியில் இருந்தாள்.

அவர் பார்வை முழுக்கப் போன பிறகு என் தோளில் கை வைத்துக்கொண்டுதான் நடந்தார். கடைத்தெரு, கோயில், கொல்லைப்புறம், எல்லா இடத்துக்கும். நல்ல மனுஷன், ஒரு நாள்கூட முகம் சுளிக்கும்படி பேசியதில்லை. இருந்தாலும் அந்தக் கையைச் சுமந்துகொண்டு நடக்கும்போது நான் என்ன நினைத்தேன் என்று எனக்குத் தெரியும். இது எப்போது இறங்கும் என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் ரேடியோ கேட்டுக்கொண்டே நாற்காலியில் போய்விட்டார். அழுதேன். உண்மையாகவே அழுதேன். எல்லோரும் போன பிறகு தோளை ஒரு தடவை சுழற்றிப் பார்த்தேன்.

இதை உன்னிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் வரும்.

போன வருஷம் கொச்சியிலிருந்து அருள்மொழிக்கு அழைப்பு வந்தது. குழந்தைகளுக்குக் கடல் புத்தகம் போடுகிறவர்கள். அவளுடைய வாளையைப் பார்த்துவிட்டு, ஆவணி பிறந்ததும் வந்து சேரச் சொன்னார்கள். சம்பளம், தங்க இடம் எல்லாம் கொடுப்பார்கள். அவள் வீடு முழுக்கக் குதித்தாள். "ஒரு வருஷம் பல்லக் கடிச்சிக்கோம்மா, நான் வீடு பாத்துட்டு உன்னையும் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். ரொம்ப சந்தோஷம் என்றேன். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி கிளறிக் கொடுத்தேன். அன்றைக்கு நான் நடித்தேன் என்று நினைக்காதே, எனக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை அவளுடைய டப்பாவில் வெள்ளி தீர்ந்திருந்தது. புதிதாகக் குழைக்க உட்கார்ந்தேன். அலமாரியில் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் பெட்டி ஒன்று மிச்சம் இருந்தது. ஒரு சாக்பீஸை எடுத்து நுணுக்கி, காக்காப்பொன்னோடு கலந்தேன். கொஞ்சம்தான், நாலில் ஒரு பங்கு இருக்கும். ஏன் என்று கேட்காதே. கை செய்தது. கண்ணாடிப் பலகையில் குழவிக்கடியில் காக்காப்பொன் வழுக்கும், சாக்பீஸ் இழுக்கும். இரண்டும் சேர்ந்து எப்படி இருக்கிறது என்று கை பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவள் அதைத் தொட்டு ஒரு வாளை வரைந்தாள். பெயிண்ட் கொஞ்சம் வறட்டென்று இருக்கிறதே என்றாள். பிசின் புதுசு என்றேன். படம் காய்ந்ததும் எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். ஜன்னலுக்குப் போனாள், வாசலுக்குப் போனாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க வாயேன். இது மின்னுதா?"

தாளை வாங்கி, வகுப்பில் சொல்லிக்கொடுத்த மாதிரியே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வெள்ளையடித்த சுவர் மாதிரி மந்தமாக இருந்தது.

"மின்னுது கண்ணு. ஏன், உனக்குத் தெரியலையா?" என்றேன்.

யோசித்துப் பார், தமிழ்ச்செல்வி. நான் சொன்ன பொய் ஒரு வார்த்தைதான். இரண்டாவதாகச் சொன்னது கேள்வி. ஒரு தாய் மகளைக் கேட்கக்கூடிய கேள்விதான் அது. அவள் தாளை என்னிடமிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். தூரிகையைக் கழுவப் போனாள். கழுவினாள், கழுவினாள், தண்ணீர் தெளிந்த பிறகும் கழுவிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வாசலில் நின்று ஒரு கண்ணை மூடித் தெருவிளக்கைப் பார்த்தாள், பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார்த்தாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். விளையாட்டுக்குச் செய்தேன் என்று சிரித்திருக்கலாம், அவளும் இரண்டு திட்டு திட்டிவிட்டுச் சிரித்திருப்பாள். நான் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் என் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தாள். பெரியவளான பிறகு அவள் அப்படிப் படுத்ததில்லை. என் கையை எடுத்துத் தன் கண்மேல் வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு சாக்பீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். ஒரேயடியாக மாற்றினால் சந்தேகம் வரும், மெல்ல மாற்றினால் வியாதி மாதிரி இருக்கும். வெள்ளி முடிந்து பச்சை, பச்சை முடிந்து ஊதா. கடைசியில் நீல மூடி டப்பாவில் காக்காப்பொன் ஒரு சிட்டிகைகூட இல்லை. ஆனால் விற்பனைக்குப் போனவை எல்லாம் சுத்தமானவை. நீ யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். வியாபாரத்தில் நான் ஒருவரையும் ஏமாற்றியதில்லை.

வாங்கினவர்கள் வீடியோ அனுப்புவார்கள். அதில் மின்னுவது அவளுக்குத் தெரிந்தது, குழம்பிப்போனாள். ஃபோன் வெளிச்சம் உள்ளேயிருந்து வருவது, அதனால் தெரியும், உங்கப்பாவும் டி.வி.யை ரொம்ப நாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்றேன். நம்பினாள். கண்ணைச் சிரமப்படுத்தாதே என்று சொல்லி பார்சல் கட்டும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அதனால் நல்ல டப்பா எதுவும் அவள் கைக்குப் போகவில்லை.

யாரிடமாவது அந்தப் படத்தைக் காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். எதிர்வீட்டு இருசம்மாளுக்குக்கூடத் தெரிந்திருக்கும், இன்னாடி இது மொழுக்குனு கிடக்குது என்று கேட்டிருப்பாள். அருள்மொழி காட்டவில்லை. கண்ணில் குறை என்று வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரிடமும் மூச்சு விடாதே என்று நானும் சொல்லிவைத்தேன். அவள் அப்பாவும் அப்படித்தானே மறைத்தார். எங்கள் வீட்டில் கண் விஷயத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் வழக்கம்.

பயம் வந்த பிறகு நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் பீரோவைத் திறந்து என்னுடைய மயில்கழுத்துப் பட்டுப்புடவையை எடுத்தாள். வெயிலில் விரித்து மடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முன்ன மாதிரி இல்லம்மா, பச்சை கம்மியாயிட்டுது" என்றாள். அந்தப் புடவையை நான் தொடக்கூட இல்லை. பொழுது சாயும்போது நாற்காலியில் இடித்துக்கொண்டாள். அதுவும் என் வேலை இல்லை. கண்ணாடி முன்னால் நின்று அழுதாள். பார்க்க எனக்குத் தாங்கவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டேன். என்னால் என்ன செய்திருக்க முடியும் என்று நீ நினைக்கிறாய்? உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பாய். ஒவ்வொரு நாளும் அது முந்தின நாளைவிடப் பெரிதாகிக்கொண்டே போனது. கிணற்றில் இறங்கினவள் பாதியில் நின்றுகொண்டு மேலேயும் பார்க்க முடியாது, கீழேயும் பார்க்க முடியாது. நானும் அவளும் அப்படித்தான் நின்றோம், ஒரே கிணற்றில்.

கொச்சிக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டாள். கண் என்று எழுதவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எழுதி எனக்குப் படித்துக் காட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் தெரிந்து எழுதவில்லை, சும்மா ஒரு சாக்குத்தான். ஆனால் அந்த வீட்டில் அன்றைக்கு இருந்த ஒரே உண்மை அதுதான்.

இப்போது சொல்கிறேன். கொச்சிக் கடிதம் வருவதற்கு முன்பே நான் தனியாக ஒரு தடவை பாண்டிச்சேரிக்குப் போய் வந்தேன். எனக்கு வந்திருப்பது அவருடைய வியாதி இல்லை, வேறு. கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது. ஓரப் பார்வை முதலில் போகும், இருட்டுகிற நேரத்தில் சுத்தமாகத் தெரியாது, கடைசியில் நடுவும் போகும். போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து போட்டுக்கொள்ள வேண்டும், வீட்டில் யாரையாவது அழைத்து வாருங்கள் என்றார் டாக்டர். மருந்தை வாங்கவில்லை. வாங்கினால் வீட்டில் எங்கே வைப்பது, அவள் பார்த்துவிடுவாள்.

ஏன் மகளிடம் சொல்லவில்லை என்று கேட்கிறாய். சொல்லியிருந்தால் அவள் கொச்சியை விட்டிருப்பாள். ஒரு வார்த்தை பேசாமல் விட்டிருப்பாள், அப்படிப்பட்ட பிள்ளை. என் கையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் நடந்திருப்பாள். நடக்கும்போது என்ன நினைப்பாள்? அதுதான் எனக்குத் தெரியுமே. நான் நினைத்ததை என் மகள் என்னைப் பற்றி நினைக்கக் கூடாது. அவள் மனசில் அந்தக் கெட்ட நினைப்பு வராமல் நான் பார்த்துக்கொண்டேன். அவளுக்காகத்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் கைகோத்துத்தான் வெளியே போனோம். தில்லைக்காளி கோயிலுக்கு, வடக்கு வீதிக் கடைகளுக்கு, கடலூரில் என் பென்ஷன் வேலையாகப் போனால் பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில். என்ன பாசம் பாரேன் என்று இருசம்மாள் சொல்வாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அருள்மொழி நினைத்தாள். படி வந்தால் அவள் கை கொஞ்சம் ஏறும், பள்ளம் வந்தால் கொஞ்சம் இறங்கும். அதை வைத்து நான் நடந்தேன். மாடு வந்தால் அவள் ஒதுங்குவாள், நானும் ஒதுங்குவேன். அவளுடைய கண் பழுதில்லாத கண். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவள் என்னை நடத்தினாள். அது அவளுக்கும் தெரியாது, யாருக்கும் பாரமில்லை. அந்த மாசங்களில் எங்கள் வீட்டில் ஒரு சண்டைகூட இல்லை.

கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பழகுவது என் யோசனைதான். உங்கப்பா பழகாமல் விட்டுத்தான் கஷ்டப்பட்டார், நீ முன்னாலேயே பழகிக்கொள் என்றேன். தெருவில் முடியாது, மொட்டைமாடியில் செய்யலாம் என்றோம். நீ வந்து பார்த்திருப்பாய். மாடிப்படி ஏறினதும் எதிரே தண்ணீர்த் தொட்டி. மூன்று பக்கம் கைப்பிடிச் சுவர். மேற்குப் பக்கம் மட்டும் சுவர் கிடையாது, மாடி எழுப்புகிறபோது சேர்த்துக் கட்டலாம் என்று விட்டது, கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கம் தளம் ஓடு பதிக்காதது, வேலைக்குக் கொண்டுவந்த மணல் பரந்து கிடக்கும். நான் தொட்டியோரம் நின்று குரல் கொடுப்பேன், அவள் என் பழைய துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு படியிலிருந்து என் குரலுக்கு நடந்து வருவாள். வெயில் தாழ்ந்ததும் தொடங்குவோம், வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுவோம். அவளுக்கு நல்லதென்று அவள் நினைத்தாள். எனக்குத் தெரிகிற வெளிச்சம் அதுவரைதான்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள். பிரிசில்லாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். பிரிசில்லா இவளோடு காலேஜில் படித்தவள், கடலூர் ஓல்டு டவுனில் வீடு, பாண்டிச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிக்கிற வேலை. ஒரு மணி நேர டெஸ்டு, கையோடு சொல்லிடலாம் என்றாளாம்.

"நாளைக்குப் போயிட்டு வந்துடறேம்மா. என்னான்னு தெரிஞ்சிகிட்டா பயமாவது போயிடும்ல" என்றாள்.

நல்லது, போய்ட்டு வா என்றேன். அவளுக்கு ரசம் ஊற்றினேன். இலையில் ஊற்றினேனா, வெளியே ஊற்றினேனா என்று தெரியவில்லை. அவள் துணியை எடுத்துத் துடைத்தாள்.

சாயங்காலம் கொஞ்சம் படுத்தாள். எழுந்தபோது நேரமாகியிருந்தது. இன்னைக்கு வேணாம்மா என்றாள். ஒரு தடவை நடந்துட்டு வந்துடலாம் வா என்று நான்தான் கூப்பிட்டேன். ஆமாம், நான்தான். மேலே போனபோது சூரியன் இறங்கிவிட்டிருந்தது. தொட்டியைத் தடவிக்கொண்டு நின்றேன். படிப்பக்கம் பார்த்தேன். சாம்பல் கரைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் துண்டு கட்டுகிற சத்தம் கேட்டது, அவள் தெரியவில்லை.

வா கண்ணு என்றேன். அவள் வெறுங்காலில் நடந்தாள். ஓட்டின்மேல் பாதம் படுகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். கண் போகிறபோது காது கூர்மையாகும் என்று அவர் சொல்வார், அது சரிதான். கொஞ்ச தூரம் சரியாக வந்தாள். பிறகு சத்தம் விலகியது. விலகிப் போய், ஓட்டிலிருந்து இறங்கி, மணலில் நெறுநெறுத்தது. மணல் மேற்குப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது, தமிழ்ச்செல்வி.

அவளும் நின்றுவிட்டாள்.

"அம்மா, கால்ல மண்ணு படுது. பாத்துகிட்டுதான இருக்க?"

நீ என்னிடம் கேட்டாயே, தள்ளினீங்களா டீச்சர் என்று. இல்லை. நான் அவளைத் தொடவில்லை, நின்ற இடத்திலிருந்து ஒரு அடிகூட நகரவில்லை. அவளுக்கு ஒரு பதில் சொன்னேன். பதில் சொல்லுமுன் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. நில்லு என்பது சின்ன வார்த்தை. துண்டை அவிழ்த்துடு கண்ணு, எனக்கு எதுவும் தெரியல என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை, அதற்கும் நேரம் இருந்தது. அதைச் சொன்னால் அவள் துண்டை அவிழ்ப்பாள். என்னைப் பார்ப்பாள். நாளைக்குப் பாண்டிச்சேரி போவாள், கண் நல்லாயிருக்கு என்று தெரிந்துகொண்டு வருவாள், நீல மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்ப்பாள். இதெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் வெகு தெளிவாகத் தெரிந்தது.

"பாத்துகிட்டுதான் இருக்கேன் கண்ணு. வா" என்றேன்.

அவள் வந்தாள். ஒரு அடி, என் பேச்சை நம்பி எடுத்து வைத்த அடி. அதற்கப்புறம் கீழே இருசம்மாள் அலறுகிற சத்தம்தான் கேட்டது. நான் மாடிப்படியைத் தேடிக்கொண்டிருந்தேன். கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே முன்னும் பின்னும் போனேன், படி கிடைக்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் இல்லை. யாரோ மேலே வந்துதான் என்னை இறக்கினார்கள். பெத்தவளுக்குக் கால் ஓடல பாவம் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

கால் தவறி விழுந்தாள் என்று எல்லோரும் நம்பினார்கள். பிரிசில்லா மட்டும் காரியத்துக்கு வந்தவள், முன்னறையில் அருள்மொழியின் கடைசிப் படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். என்னிடம் வந்தாள். "டீச்சர், இன்னா இது, இதுல மின்னவே இல்லியே" என்றாள். மின்னுது கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஆஸ்பத்திரிக்காரி. என் முகத்துக்கு முன்னால் விரலை ஒரு ஓரமாக ஆட்டியிருக்கிறாள் போலிருக்கிறது. நான் திரும்பவில்லை. அவள் இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கெட்டிக்காரப் பெண்.

இப்போது நீ எனக்கு முன்னால் இரண்டு அட்டையை வைத்திருக்கிறாய். ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு இழுப்பு இழுத்திருக்கிறேன், எது சாக்பீஸ் என்று காட்டுங்கள் டீச்சர் என்கிறாய். இரண்டையும் சாய்த்துப் பார்த்துவிட்டேன், தலையையும் அசைத்துப் பார்த்துவிட்டேன். குழவியும் பலகையும் கொடு, கையால் சொல்கிறேன். கண்ணால் முடியாது.

டியூப்லைட் எரிகிறது, மணி பதினொன்று, நல்ல வெயில் என்று அந்தக் கான்ஸ்டபிள் பெண் சொல்கிறாள். இருக்கட்டும். நீ எழுதினதைப் படித்துக் காட்டு, கையெழுத்துப் போடுகிறேன், பேனாவை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் என் விரலைப் பிடித்துக் காட்டு. எதையும் மாற்ற வேண்டாம், எல்லாம் நான் சொன்னபடியே இருக்கட்டும். காரணம் என்று எழுதுகிற இடத்தில் மட்டும் வேறு எதுவும் போடாதே. சாயங்கால நேரம், வெளிச்சம் போதவில்லை, இல்லாவிட்டால் அம்மா பார்த்திருப்பாள் என்று போடு.